ஊழலை எதிர்த்து வீரர்கள் துப்பாக்கி தூக்கினால் நாம் எந்தப் பக்கம் நிற்பது?

கேள்வி இதுதான்: "2003-ல் பிலிப்பைன்ஸ் ராணுவத்தின் இளம் அதிகாரிகள் அரசின் ஊழலை எதிர்த்து மணிலாவில் ஒரு கட்டடத்தைக் கைப்பற்றினார்கள். அவர்கள் சொன்னது உண்மையா? உண்மை என்றால் மக்கள் ஏன் துணைக்கு வரவில்லை? நீங்கள் அந்த ஊர்க் குடிமகனாக இருந்திருந்தால் போயிருப்பீர்களா?"

முதல் இரண்டுக்கும் பதில் ஆவணங்களிலேயே இருக்கிறது. மூன்றாவதுதான் கஷ்டமான கேள்வி. பல வருடங்களாக அந்த நாட்டு அரசியலைத் தொடர்ந்து படித்து வருகிறேன். இந்த ஒரு விஷயத்தில் என் எண்ணம் இரண்டு மூன்று முறை மாறியிருக்கிறது. அதனால் நடந்ததை முதலில் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

2003 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை, பொழுது விடியவில்லை. மணிலாவின் வணிக மையமான மகாட்டியில் க்ளோரியெட்டா என்ற பெரிய வணிக வளாகமும், அதை ஒட்டி ஓக்வுட் என்ற சொகுசுக் குடியிருப்பும் இருக்கின்றன. வெளிநாட்டுத் தூதர்களும் நிறுவன அதிகாரிகளும் தங்கும் இடம் அது. முந்நூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் முழுச் சீருடையில், ஆயுதங்களோடு அதற்குள் நுழைந்தார்கள். கையில் சிவப்புப் பட்டை. அதில் ஸ்பெயின்காரர்களை எதிர்த்துப் போராடிய கத்திபூனான் இயக்கத்தின் சூரியச் சின்னம். அந்த இயக்கத்தின் ஒரு பிரிவான மக்தாலோவின் பெயரில்தான் பின்னாளில் இந்தக் குழுவை நாடே அழைத்தது. கட்டடத்தைச் சுற்றி வெடிபொருட்களை வைத்துவிட்டு, தொலைக்காட்சிக் கேமராக்களை வரவழைத்துப் பேச ஆரம்பித்தார்கள். பேசியவர்களில் முன்னால் நின்றவர் கடற்படை லெப்டினன்ட் அந்தோனியோ டிரில்லானெஸ்.

அதிபர் குளோரியா அரோயோ, பாதுகாப்பு அமைச்சர் ஏஞ்சலோ ரெயஸ், போலீஸ் தலைவர், ராணுவ உளவுத்துறைத் தலைவர் எல்லோரும் பதவி விலக வேண்டும் என்றார்கள். மறுநாள்தான் அதிபர் நாடாளுமன்றத்தில் ஆண்டு உரை ஆற்றவேண்டிய நாள். அரோயோ கலக நிலையைப் பிரகடனம் செய்தார். மாலை 5 மணிக்குள் சரணடையும்படி கெடு வைத்தார். கெடு தள்ளிப்போனது, பேச்சுவார்த்தை நடந்தது. ஒரு குண்டுகூட வெடிக்காமல், ஒருவர்கூடச் சாகாமல், இரவு பாசறைக்குத் திரும்ப ஒப்புக்கொண்டார்கள். ஏறக்குறைய இருபது மணி நேரம். நிகழ்ச்சி அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த இருபது வருடங்களில்தான் கதையே இருக்கிறது.

அவர்கள் சொன்னது உண்மையா?

நான்கைந்து குற்றச்சாட்டுகளை ஒரே மூச்சில் வைத்தார்கள். உயர் அதிகாரிகள் அரசுத் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் கிளர்ச்சியாளர்களுக்கே விற்கிறார்கள். அந்த ஆண்டு மார்ச்சிலும் ஏப்ரலிலும் தெற்கே உள்ள தவாவோ நகரின் விமான நிலையத்திலும் துறைமுகத்திலும் வெடித்த குண்டுகளை அரசே வைத்தது. வீரர்களின் ஓய்வூதிய நிதியைச் சூறையாடிவிட்டார்கள். கொள்முதலில் கொள்ளை நடக்கிறது. ஓய்வு பெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபுளோரெண்டினோ ஃபெலிசியானோ தலைமையில் அரசு ஓர் ஆணையம் அமைத்தது. அந்த அக்டோபரிலேயே அறிக்கை வந்துவிட்டது. இது திடீரென்று பொங்கிய கோபம் இல்லை, முன்கூட்டியே திட்டமிட்ட சதி என்றது ஆணையம். தவாவோ குண்டுகளை அரசு வைத்தது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. அதோடு நிறுத்தியிருந்தால் அரசுக்கு வசதியாகப் போயிருக்கும். ஆனால் ஓய்வூதிய நிதி, கொள்முதல், ஆயுதக் கசிவு ஆகியவற்றில் வீரர்களின் குறை நியாயமானது, அரசு அதைச் சரிசெய்தாக வேண்டும் என்றும் அதே அறிக்கை எழுதியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஊழல் என்று பொதுவாகச் சொன்னால் எதுவும் மனதில் தைப்பதில்லை. அது எப்படி நடந்தது என்று பார்த்தால்தான் அந்த இளைஞர்களின் வயிற்றெரிச்சல் புரியும்.

ஓய்வூதிய நிதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1973-ல் அதிபர் மார்க்கோஸ் காலத்தில் ஆரம்பித்தது. ஒவ்வொரு வீரரின் அடிப்படைச் சம்பளத்திலிருந்தும் 5 சதவீதம் பிடித்து, அதை முதலீடு செய்து பெருக்கி, ஓய்வூதியத்துக்கு ஆதாரமாக்குவது திட்டம். அந்தப் பணத்தில் நிதி நிர்வாகம் நிலம் வாங்கியது. செனட் விசாரித்தபோது வெளியே வந்தது என்ன தெரியுமா? ஒரே நிலத்துக்கு இரண்டு விற்பனைப் பத்திரங்கள். பதிவு அலுவலகத்தில் இருந்த பத்திரத்தில் ஒரு விலை. நிதியின் கோப்பில் இருந்த பத்திரத்தில் அதைவிடப் பல மடங்கு விலை. இரண்டுக்கும் நடுவில் இருந்த பணம் யாருடையது? காட்டில் கொசுக்கடியில் கிடந்து, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்துவந்த சிப்பாயுடையது. அவனுக்கு அந்தப் பத்திரத்தைப் பார்க்கும் வாய்ப்பே கிடையாது.

அடுத்தது, அங்கே ராணுவத்துக்குள் "கன்வர்ஷன்" என்று சொல்வார்கள். பொருளுக்கென்று ஒதுக்கிய நிதியைக் காசாக மாற்றுவது. உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு படைப்பிரிவுக்கு நூறு ஜோடி பூட்ஸ் வாங்க நிதி வருகிறது. கொள்முதல் ஆணை போடுகிறார்கள். வழக்கமான சப்ளையர் பில் கொடுக்கிறார், பூட்ஸ் கொடுப்பதில்லை. கிடங்கில் உள்ளவர் "சரக்கு வந்து சேர்ந்தது" என்று கையெழுத்துப் போடுகிறார். காசோலை சப்ளையருக்குப் போகிறது. அவர் தன் கமிஷனையும் வரியையும் கழித்துக்கொண்டு மீதியை ரொக்கமாகக் கொண்டுவந்து தருகிறார். காகிதத்தில் நூறு ஜோடி பூட்ஸ் இருக்கும். காலில் இருக்காது.

இதில் எனக்கு மிகவும் வருத்தமான பகுதி, இதை ஆரம்பித்தவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை என்பதுதான். காட்டுக்குள் இருக்கும் தளபதிக்கு அவசரத்துக்கு ரொக்கம் வேண்டும். தகவல் சொல்பவனுக்குக் கொடுக்க, அடிபட்டவனைத் தூக்கிப்போக, வண்டிக்கு எரிபொருள் போட. அரசு வழியில் அந்தக் காசு வந்துசேர மாதங்கள் ஆகும். ஆகவே நேர்மையான அதிகாரியும் ஒருமுறை பொய்க் கையெழுத்துப் போடுகிறார். ஒருமுறை போட்டபின் மேலே இருப்பவர் எடுப்பதை அவரால் கேள்வி கேட்க முடியாது, ஏனென்றால் அவர் கையெழுத்தும் அதே கோப்பில் இருக்கிறது. நல்லவர்களின் வாயை அடைத்துத்தான் இந்த ஏற்பாடு இத்தனை காலம் ஓடியது. டிரில்லானெஸ் இதையெல்லாம் உணர்ச்சிவேகத்தில் கண்டுபிடித்தவர் இல்லை. பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகம் படித்தபோது கடற்படைக் கொள்முதல் ஊழலைப் பற்றித்தான் ஆய்வுக் கட்டுரை எழுதினார். எழுதிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. அதன்பிறகுதான் ஓக்வுட்.

சரி, நிரூபணம் எங்கிருந்து வந்தது? ஓக்வுட் முடிந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 2003 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இரண்டு இளைஞர்களை அமெரிக்கச் சுங்க அதிகாரிகள் நிறுத்தினார்கள். அவர்களிடம் கணக்கில் காட்டாத 1 லட்சம் டாலர் ரொக்கம் இருந்தது. இருவரும் மேஜர் ஜெனரல் கார்லோஸ் கார்சியாவின் மகன்கள். கார்சியா யார்? பிலிப்பைன்ஸ் ராணுவத்தின் நிதிக் கட்டுப்பாட்டு அதிகாரி. மொத்த ராணுவத்தின் பணப்பெட்டிச் சாவி அவர் கையில் இருந்தது.

பிடிபட்ட பணத்தைத் திரும்பக் கேட்டு கார்சியாவின் மனைவி அமெரிக்க அதிகாரிகளுக்குத் தன் கைப்பட ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்தார். ராணுவ ஒப்பந்தம் பெறும் நிறுவனங்கள் தன் கணவருக்குப் பயணச் செலவுக்கும் மற்றதற்கும் பணம் தருகின்றன, தனக்கும் கடைக்குப் போக ஆயிரக்கணக்கான டாலர் கிடைக்கும் என்று அதில் எழுதினார். பணம் நியாயமாக வந்தது என்று காட்டுவதற்காக எழுதிய கடிதம் அது. அந்தக் காகிதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப்போகும். ஒளித்து வைக்க வேண்டிய விஷயம் என்றே அந்த அம்மாவுக்குத் தோன்றவில்லை. அந்த அளவுக்கு அந்த வீட்டில் அது அன்றாடமாகிப் போயிருந்தது. வேலியே பயிரை மேய்வது என்பார்கள். மேய்ந்து மேய்ந்து, பயிர் என்ற ஒன்று இருந்ததே மறந்துபோன வேலி இது.

அடுத்த ஆண்டு விஷயம் வெளியே வந்தது. கார்சியா மீது ராணுவ நீதிமன்ற விசாரணை நடந்தது, 30.3 கோடி பெசோ (அந்த நாட்டுப் பணம்) சூறையாடல் வழக்கும் வந்தது. 2010-ல் அரசு வழக்கறிஞர்களோடு ஒப்பந்தம் பேசி, சுமார் 13.5 கோடி பெசோ மதிப்புள்ள சொத்தைத் திருப்பிக் கொடுத்து, சிறிய குற்றங்களை மட்டும் ஒப்புக்கொண்டு அவர் ஜாமீனில் வெளியே வந்தபோது நாடே கொதித்தது. அப்போது முன்னால் வந்தவர் ஹெய்டி மெண்டோசா. அரசுத் தணிக்கையாளராக இருந்து, கார்சியாவின் கணக்கைத் தோண்டிய பெண்மணி. ஆசிய வளர்ச்சி வங்கியில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, 2011-ல் நாடாளுமன்றக் குழுக்களின் முன் சாட்சி சொன்னார். வங்கிச் சீட்டுகள், டெபாசிட் நகல்கள், எந்தக் கிளை, எந்தக் கணக்கு, எவ்வளவு போட்டது, எவ்வளவு காணாமல் போனது என்று ஒவ்வொன்றாக வைத்தார். ஆதாரம் போதவில்லை, அதனால்தான் ஒப்பந்தம் பேசினோம் என்று வழக்கறிஞர்கள் சொல்லிவந்த வாதம் அங்கேயே ஆட்டம் கண்டது.

அதே மாதங்களில் ராணுவத்தின் முன்னாள் பட்ஜெட் அதிகாரி ஜார்ஜ் ரபூசாவும் செனட்டில் வாய் திறந்தார். ஓய்வு பெறும் முப்படைத் தலைவர்களுக்கு "பபாவோன்" என்ற பெயரில் கோடிக்கணக்கான பெசோ வழியனுப்புப் பணம் கொடுக்கும் வழக்கம் இருந்தது, ஏஞ்சலோ ரெயஸுக்குக் குறைந்தது 5 கோடி பெசோ போனது என்றார். பபாவோன் என்றால் ஊருக்குக் கிளம்புகிறவர் கையில் வீட்டுக்காரர்கள் அன்போடு கட்டிக்கொடுக்கும் பொட்டலம். எவ்வளவு அழகான சொல்லை எதற்குப் பயன்படுத்தினார்கள் பாருங்கள்.

ரெயஸ் மறுத்தார். செனட் விசாரணையில் அவரைக் கேள்விமேல் கேள்வி கேட்டவர் டிரில்லானெஸ். ஆமாம், அதே டிரில்லானெஸ். 2007-ல் சிறையில் இருந்தபடியே 1.1 கோடிக்கும் மேற்பட்ட வாக்குகள் வாங்கி செனட்டர் ஆகியிருந்தார். உச்ச நீதிமன்றம் அவரைக் கூட்டத்துக்குப் போக விடவில்லை. 2010 கடைசியில் அதிபர் பெனிக்னோ அக்கினோ பொதுமன்னிப்புக் கொடுத்தபிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டு வருடத்துக்கு முன் எந்த அமைச்சரைப் பதவி விலகச் சொல்லித் துப்பாக்கியோடு நின்றாரோ, அவரையே சட்டப்படி எதிரில் உட்காரவைத்து விசாரித்தார். சில நாட்களில், 2011 பிப்ரவரி 8 அன்று, ரெயஸ் தன் தாயின் கல்லறையில் தன்னையே சுட்டுக்கொண்டு இறந்தார். அவர் மீதான குற்றம் எந்த நீதிமன்றத்திலும் நிரூபணமாகவில்லை. ஒரு மனிதர் இறந்ததில் யாரும் வெற்றி கொண்டாட முடியாது. அந்த விசாரணை அவ்வளவு ஏளனத்தோடு நடந்திருக்க வேண்டாம் என்றே நான் இன்றும் நினைக்கிறேன்.

ஆக முதல் கேள்விக்குப் பதில்: தவாவோ குண்டுகளைத் தவிர, பணம் பற்றி அவர்கள் சொன்னதில் பெரும்பகுதி பின்னால் ஆவணமாகவே வந்தது. ஆனால் ஓக்வுட்டில் அவர்கள் பிடித்திருந்த துப்பாக்கியால் அதில் ஒரு வரிகூட நிரூபணமாகவில்லை. நிரூபித்தது யார்? ஒரு விமான நிலையச் சுங்க ஊழியர், ஒரு தணிக்கையாளர், ஒரு மனசாட்சி உறுத்திய கணக்கு அதிகாரி. இவர்களில் ஒருவர்கூட ஒரு கட்டடத்தையும் பிடிக்கவில்லை.

கலகத்துக்குப் பலனே இல்லை என்று சொல்கிறேனா? இல்லை. அது இல்லாவிட்டால் ஃபெலிசியானோ ஆணையமே வந்திருக்காது. ரெயஸும் அந்த ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் பதவியை விட்டார். ஆனால் மறு ஆண்டே அதே அரோயோ அவரை உள்துறை அமைச்சர் ஆக்கினார். பிறகு சுற்றுச்சூழல், பிறகு எரிசக்தி. கலகக்காரர்களைச் சிறையில் வைத்துவிட்டு, அவர்கள் கைநீட்டியவருக்குத் துறைமாற்றி நாற்காலி கொடுத்தது அரசு. கலகத்தைத் தண்டிக்க அரசுக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. கலகத்தோடு சேர்த்துக் குற்றச்சாட்டையும் புதைக்க உரிமை கிடையாது. பிலிப்பைன்ஸ் அரசு செய்த பெருந்தவறு இதுதான் என்பேன். 2007 நவம்பரில் டிரில்லானெஸ் நீதிமன்றத்திலிருந்து வெளிநடப்புச் செய்து, மணிலா பெனின்சுலா ஹோட்டலில் மறுபடியும் உட்கார்ந்ததற்கும், கவச வண்டி அந்த ஹோட்டலின் கதவை உடைத்துக்கொண்டு நுழைந்ததற்கும் விதை அங்கேதான் இருக்கிறது.

இப்போது இரண்டாவது கேள்வி. மக்கள் ஏன் வரவில்லை?

1986 பிப்ரவரியில் வந்தார்களே! பாதுகாப்பு அமைச்சர் ஹுவான் போன்ஸ் என்ரிலேயும் ராணுவத் துணைத் தலைவர் ஃபிடல் ராமோஸும் மார்க்கோஸை விட்டு விலகி முகாமுக்குள் புகுந்தபோது, மணிலாவின் கத்தோலிக்கப் பேராயர் கார்டினல் சின் வானொலியில் அழைத்ததும் லட்சக்கணக்கானவர்கள் எட்ஸா சாலையில் வந்து டாங்கிகளுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். ஜெபமாலையோடு கன்னியாஸ்திரீகள் மண்டியிட்டிருந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதை வைத்துத்தான் "வீரர்கள் எழுந்தால் மக்கள் வருவார்கள்" என்ற நம்பிக்கை அந்த நாட்டில் உண்டானது.

ஆனால் வரிசையை மாற்றிப் படிக்கக் கூடாது. என்ரிலே முகாமுக்குள் போவதற்கு இரண்டு வாரம் முன்பே, தேர்தல் ஆணையத்தில் அந்த மாத அதிபர் தேர்தலின் வாக்கு எண்ணிக்கையைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த முப்பது பேருக்கு மேல், நாங்கள் ஏற்றும் எண் ஒன்று, பலகையில் தெரியும் எண் வேறு என்று எழுந்து வெளியே வந்துவிட்டார்கள். சம்பளத்துக்கு வேலை செய்யும் சாதாரண இளம் ஊழியர்கள், பெரும்பாலும் பெண்கள். அவர்கள் தேவாலயத்தில் போய் அடைக்கலம் தேடினார்கள். தேர்தல் திருட்டு என்று ஊரே அறிந்திருந்தது. ஊர் முதலில் எழுந்தது, ராணுவத்தில் ஒரு பகுதி பிறகு ஊரோடு சேர்ந்தது. உண்மையில் அந்த அதிகாரிகள் போட்டிருந்த ஆட்சிக்கவிழ்ப்புத் திட்டம் முன்பே அம்பலமாகிவிட்டது. கைதாகப் போகிறோம் என்று தெரிந்துதான் முகாமுக்குள் ஒதுங்கினார்கள். மக்கள்தான் அவர்களைக் காப்பாற்றினார்கள்.

அப்படிக் காப்பாற்றப்பட்டவர்களில் சிலருக்கு அதிகார ருசி பிடித்துவிட்டது. மார்க்கோஸுக்குப் பின் அதிபரான கொராசோன் அக்கினோவின் ஆட்சிக்கு எதிராக அடுத்த நான்கு வருடத்தில் எத்தனை ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சிகள்! 1989 டிசம்பரில் நடந்ததுதான் கொடூரமானது. அப்போதும் இதே மகாட்டியின் உயரமான கட்டடங்களைத்தான் பிடித்தார்கள். வீதியில் சண்டை நடந்தது, நூறு பேர் அளவுக்குச் செத்தார்கள். ஓக்வுட் நடந்தபோது மகாட்டியில் கடை வைத்திருந்த ஒருவருக்கு அது பதினான்கு வருடத்துக்கு முந்தைய நினைவுதான். துப்பாக்கியோடு நிற்பவர் நல்லவரா கெட்டவரா என்று அவர் யோசிப்பதற்கு முன்பே கை ஷட்டரை இழுத்திருக்கும்.

2001 வேறொரு பாடத்தைக் கற்றுக்கொடுத்தது. அதிபர் ஜோசப் எஸ்ட்ராடா மீது ஊழல் குற்றச்சாட்டு வந்து, பதவிநீக்க விசாரணை குலைந்து, மக்கள் எட்ஸாவில் மறுபடி கூடியிருந்த ஜனவரியில், முப்படைத் தலைவர் ஒருவர் மேடையேறி அதிபருக்கான ஆதரவை விலக்கிக்கொள்வதாக அறிவித்தார். மறுநாள் அரோயோ அதிபர் ஆனார். அந்த முப்படைத் தலைவர் யார் தெரியுமா? ஏஞ்சலோ ரெயஸ். மேலதிகாரி ஊழலைக் காரணம் காட்டி அதிபரைக் கைவிட்டால் அது தேசபக்தி, அதற்கு அமைச்சர் பதவி. இளம் லெப்டினன்ட் அதே காரணத்தைச் சொல்லி அதே காரியத்தைச் செய்ய முயன்றால் அது கலகம், அதற்குச் சிறை. ஓக்வுட் இளைஞர்களின் மனதில் இந்தக் கணக்கு ஓடாமல் இருந்திருக்க முடியுமா? அரசியல் தகராறில் ஒருமுறை ராணுவத்தைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டுவிட்டால், அடுத்தமுறை கூப்பிடாமலேயே வரும். அதில் அரசியல்வாதிகளுக்கு மட்டும் இல்லை, கைதட்டிய மக்களுக்கும் பங்கு உண்டு.

அதனால்தான் 2003-ல் தெரு காலியாக இருந்தது. ஊழல் இல்லை என்று யாரும் நினைக்கவில்லை. சலித்துப்போயிருந்தார்கள், பயந்தும் இருந்தார்கள். கொஞ்சம் தெளிவும் அடைந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். நான்கு வருடம் கழித்து அதே மக்கள் அதே ஆளை ஒரு கோடி வாக்குப் போட்டு செனட்டுக்கு அனுப்பினார்கள் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். துப்பாக்கியோடு கூப்பிட்டபோது போகவில்லை, வாக்குச்சீட்டில் பெயர் வந்தபோது போட்டார்கள். இதைவிடத் தெளிவாக ஒரு மக்கள்கூட்டம் தன் மனதைச் சொல்ல முடியாது.

பிலிப்பைன்ஸை விட்டு ஒரு நிமிடம் நைஜீரியாவுக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கே இந்தக் கேள்வியின் இரண்டு முகங்களும் தெரிகின்றன. 1966 ஜனவரியில் ஆட்சியைக் கவிழ்த்த இளம் மேஜர்கள் வானொலியில் சொன்னது, லஞ்சம் வாங்குபவர்களும் பத்துச் சதவீதம் கேட்பவர்களும்தான் எங்கள் எதிரிகள் என்று. நேர்மையாகத்தான் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் உடைத்த கதவு வழியாக வந்த ராணுவ ஆட்சிகளின் வரிசையில் கடைசிக்குச் சற்று முன்னால் இருப்பவர் சானி அபாச்சா. அவர் குடும்பம் வெளிநாட்டு வங்கிகளில் பதுக்கியதை இன்றுவரை கோடிகோடி டாலராகத் திருப்பி வாங்கிக்கொண்டிருக்கிறது அந்த நாடு.

இன்னொரு முகம் 2014. போகோ ஹராம் தீவிரவாதிகளோடு போரிட ஒழுங்கான ஆயுதம் இல்லாமல் போகமாட்டோம் என்று மறுத்த 54 வீரர்களுக்கு, கலகக் குற்றத்தின்மேல் அந்த டிசம்பரில் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. சரியாக ஒரு வருடம் கழித்து, 210 கோடி டாலர் ஆயுதக் கொள்முதல் நிதி முறைகேட்டுப் புகாரில் முன்னாள் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் கைதானார். அதே மாதம் அந்த வீரர்களில் பெரும்பாலோரின் மரண தண்டனை பத்து வருடச் சிறையாகக் குறைந்தது. இந்த இரண்டையும் ஒரே "கலகம்" என்ற சொல்லுக்குள் அடைப்பது எனக்கு ஒப்பவில்லை. நாற்காலியைப் பிடிக்கத் துப்பாக்கியைத் தூக்குவது ஒன்று. வெறுங்கையோடு சாகப் போகமாட்டேன் என்று துப்பாக்கியைக் கீழே வைப்பது இன்னொன்று. இரண்டாவதைச் செய்தவனைச் சுவரோரம் நிறுத்துகிற அரசைக் குடிமகன் சும்மா விடக் கூடாது.

ஓக்வுட் இளைஞர்களின் பிற்காலத்தையும் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. அவர்களில் ஒருவரான கேப்டன் நிக்கானோர் ஃபெல்டனை 2016-ல் அதிபர் டுட்டெர்டே சுங்கத்துறைத் தலைவர் ஆக்கினார். ஊழலை எதிர்த்துச் சிறை போனவர், ஊழலுக்குப் பேர்போன துறையைச் சுத்தம் செய்வார் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. பழைய தோழர்கள் சிலரையும் கூட அழைத்துக்கொண்டார். மறு ஆண்டு 600 கிலோவுக்கு மேல் போதைப்பொருள், 640 கோடி பெசோ மதிப்புள்ளது, சுங்கத்தைத் தாண்டி ஒரு கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தது தெரியவந்தது. ஃபெல்டன் எந்தத் தவறும் செய்யவில்லை என்று மறுத்தார், பதவியை விட்டார். விசாரணைக்கு ஒத்துழைக்க மறுத்ததால் செனட் வளாகத்திலேயே மாதக்கணக்கில் காவலில் இருந்தார். செனட்டில் அவரைக் கடுமையாகக் குற்றம் சாட்டியவர் டிரில்லானெஸ். ஒரே சிவப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஒரே கட்டடத்தில் நின்ற இருவர்!

இதைச் சொல்வது யாரையும் கேவலப்படுத்த இல்லை. யார் சரி என்று தீர்ப்புச் சொல்வதும் என் வேலை இல்லை. கோபம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், அது ஒரு துறையை நடத்தும் முறையாகத் தானாக மாறிவிடாது என்று அந்த நாட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் நானும் புரிந்துகொண்டேன். முதன்முதலில் ஓக்வுட் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த இளைஞர்கள் மீது அளவில்லாத மரியாதை. 1989-ல் இறந்தவர்களைப் பற்றிப் படித்தபோது அது கோபமாக மாறியது. இரட்டைப் பத்திரங்களைப் பற்றியும், அந்த அம்மாவின் கடிதத்தைப் பற்றியும் படித்தபிறகு, மரியாதை பாதி திரும்பி வந்தது. இன்று நிற்கும் இடம் இதுதான்: அவர்கள் சொன்னதைக் கேட்டே ஆகவேண்டும், செய்ததை ஏற்க முடியாது. இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்வது சங்கடம்தான். ஆனால் ஒன்றை விட்டால் மற்றது பொய்யாகிவிடுகிறது. சொன்னதைக் கேட்காமல் கலகத்தை மட்டும் கண்டித்தால் திருடனுக்குக் காவல் நிற்கிறோம். குற்றச்சாட்டு உண்மை என்பதற்காகக் கலகத்துக்குக் கைதட்டினால் அடுத்த 1989-க்கு வழி விடுகிறோம்.

மூன்றாவது கேள்வி. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மகாட்டியில் இருந்திருந்தால் போயிருப்பேனா?

போயிருக்க மாட்டேன். வெடிபொருள் கட்டிய கட்டடத்தின் முன்னால் என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நிற்க மாட்டேன். தேர்தலில் நான் போட்ட வாக்கைத் திருத்தும் உரிமையை, எனக்காகவே என்றாலும், ஒரு லெப்டினன்ட்டிடம் கொடுக்க மாட்டேன். ஆனால் திங்கட்கிழமை காலையிலிருந்து வேறு வேலை இருந்திருக்கும். ஃபெலிசியானோ அறிக்கை வெளிவந்த அக்டோபரில் அதை வாங்கி, ஓய்வூதிய நிதி பற்றிய பக்கங்களை நகல் எடுத்து, என் தொகுதி உறுப்பினரிடம் போய், இதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். மறு வருடம் ரெயஸுக்கு இன்னோர் அமைச்சகம் கிடைத்த அன்று தெருவுக்கு வந்திருக்க வேண்டும். அன்றுதான் தெருவுக்கு வர நியாயமான நாள், அன்று துப்பாக்கி எதுவும் தேவைப்பட்டிருக்காது. ஹெய்டி மெண்டோசா 2011-ல் சாட்சி சொன்னபோது அவருக்குத் துணையாகப் பல பேர் நின்றார்கள். ஓக்வுட் வாசலில் என்னைத் தேடினால் கிடைக்க மாட்டேன். அந்தப் பெண்மணிக்குப் பின்னால் நின்ற கூட்டத்தில் தேடிப் பாருங்கள்.